இருமல் வந்த திசை

பெண் பார்க்க வருகிறவர்கள் போகும்வரை தங்கையாவைப் பக்கத்து வீட்டில் ஒளித்து வைப்பது என்று பேச்சு வந்தபோது, முதலில் சரி என்றவர் தங்கையாதான்.

சிலோனில் தேயிலை ஃபேக்டரியில் சலிக்கும் அறையில் பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். அந்தத் தூசி கப்பலேறி அவரோடு இந்தியாவுக்கு வந்துவிட்டது. வரும்போது சுங்கத்தில் மற்ற எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தார்கள், இதை யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை. கீழ் கோத்தகிரிக் குளிர் அதைத் தட்டி எழுப்ப, இருமல் தோட்டத் தொழிலாளர் வீடுகள் ஒட்டி ஒட்டி நின்ற அந்த லயம் முழுக்கக் கேட்டது. டி.பி. இல்லை, யாருக்கும் ஒட்டாது என்று குன்னூர் டாக்டர் படம் எடுத்துப் பார்த்தே சொல்லிவிட்டார். ஆனால் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல டாக்டர் வந்து உட்கார முடியுமா? மகள் ஞானசுந்தரியைப் பார்க்க முதலில் வந்தவர்கள், இருமலைக் கேட்டதும் டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். அடுத்து வந்தவர்கள் டீயைக்கூடக் குடிக்கவில்லை.

இந்த முறை வருவது குன்னூர் லூயிஸ். கடற்படையில் வேலை, லீவில் வந்திருந்தான். அவன் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து ஞானசுந்தரிக்கு அவனைப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததால்தான் அப்பாவை ஒளிக்கிற திட்டத்துக்கு அவளும் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினாள். அதற்காகத் தன் மேலேயே அவளுக்குக் கோபமும் இருந்தது.

"கப்பல்ல எந்நேரமும் இஞ்சின் சத்தந்தானே? அந்தப் பையனுக்குக் காது பாதி போயிருக்கும்," என்றாள் பக்கத்து வீட்டு வேலாயி. லயத்தின் நடுச்சுவர் கூரைவரை எட்டாது என்பதால், அவள் ரேடியோவை முழுச் சத்தத்தில் வைப்பது, அம்மா அருளாயி கொல்லையில் தேங்காயும் மிளகாயும் போட்டு இடிசம்பல் இடிப்பது என்று ஏற்பாடானது. கடற்படையில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

லூயிஸ் தன் அத்தை கனகமணியோடு வந்தான். அத்தை உட்காருவதற்கு முன்பே, "ஏனுங்க, ஊட்ல ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா?" என்றாள்.

"அவுக ஊட்டிக்கிப் போயிருக்காகங்க. ரேசன் கார்டு விசயமா," என்றாள் அருளாயி. சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோ பாட ஆரம்பித்தது.

ஞானசுந்தரி டீயைக் கொடுத்தாள். ஏதாவது பேச வேண்டுமே என்று, "கப்பல்ல உங்களுக்கு என்ன வேலைங்க?" என்று அவளே கேட்டாள்.

"சத்தம் கேக்கறதுங்க," என்றான் லூயிஸ்.

அருளாயி சம்பல் இடிக்க எழுந்தவள், அப்படியே நின்றாள்.

கேட்கிறார்களே என்று அவனும் பொறுமையாக விளக்கினான். தண்ணிக்குள்ளே கண்ணால் ஒன்றும் ஆகாது, எல்லாம் காதுதான். 'டிங்' என்று ஒரு சத்தத்தை அனுப்பி, அது எதிலாவது பட்டுத் திரும்புகிறதா என்று பார்க்கலாம். ஆனால் அதில் நாம் இருக்கிற இடமும் எதிரிக்குத் தெரிந்துவிடும். அதனால் பெரும்பாலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சும்மா கேட்பதுதான் வேலை. இறால் கூட்டம் கடுகு வெடிப்பதுபோல் கேட்கும். நீர்மூழ்கியின் காற்றாடி மெதுவாகச் சுற்றும். கப்பலைத் தேடி வந்து வெடிக்கிற டார்பிடோ கீச்சென்று வரும்.

"சத்தம் ஏறிட்டே வருது, திசை மட்டும் மாறலைன்னா, அது நம்மளப் பாத்துத்தான் வருதுங்க."

"ஒளிஞ்சிருக்கிற சப்மரீன எப்படிங்க கண்டுபிடிப்பீக?" என்று வாசலில் நின்ற வேலாயி, தன் வேலையை மறந்து கேட்டாள்.

"அதுதான் கஷ்டமுங்க. இஞ்சின நிறுத்திட்டு அடியில போய்ப் படுத்துக்கும். உள்ள இருக்கறவங்க ஒரு கரண்டியக் கீழ போட மாட்டாங்க. இருமக்கூட மாட்டாங்க."

வேலாயி தன் வீட்டுக்குள் ஓடி, ரேடியோவை இன்னும் ஏற்றிவிட்டு வாசலுக்குத் திரும்பினாள். அருளாயி கொல்லைக்குப் போய் உரலைப் பிளந்துவிடுகிற மாதிரி இடித்தாள். கனகமணி காதைப் பொத்திக்கொண்டாள். லூயிஸ் மட்டும் குரலை உயர்த்தவே இல்லை.

"கப்பலுக்குப் பின்னால கயித்துல கட்டி, சத்தம் போடற சாமான இழுத்துட்டுப் போவோங்க. டார்பிடோ கப்பல உட்டுட்டு அதத் தேடிப் போயிரும். அதனால திடீர்னு பெருஞ்சத்தம் கேட்டா, அது எத மறைக்குதுன்னுதான் நாங்க பாப்போம்."

சொல்லிக்கொண்டே அவன் தலை மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பியது. பாட்டுக்கும் உலக்கைக்கும் அடியில் 'க்ஹ்... க்ஹ்' என்று அப்பா இருமலை விழுங்குவது பிறந்ததிலிருந்து கேட்ட ஞானசுந்தரிக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் அவன் டீயைக் குடித்தான்.

சற்று நேரத்தில் டம்ளரைக் கீழே வைத்தான்.

"ரேடியோவ நிறுத்தச் சொல்லுங்க. அந்தச் செவுத்துக்குப் பின்னால ஒருத்தர் இருமல அடக்கிட்டு இருந்தாருங்க. இப்ப அடக்கற சத்தமும் கேக்கல."

ஞானசுந்தரி பாய்ந்து ஓடினாள். வேலாயியின் கட்டிலில் தங்கையா கம்பளியின் முனையை வாய் நிறையத் திணித்துக்கொண்டு, முகம் நீலம்பாரித்து, கண் செருகிக் கிடந்தார். பின்னாலேயே வந்த லூயிஸ் அவரைத் தூக்கி உட்கார வைக்க, அவள் கம்பளியை உருவி முதுகில் அறைந்தாள். இருமல் வந்தது. லயமே அதிர வந்தது. அந்த இருமலைக் கேட்டு அவளுக்கு இத்தனை சந்தோஷம் அதுவரை வந்ததில்லை.

மூச்சு திரும்பியதும் தங்கையா மாப்பிள்ளையைக் கும்பிட்டார். "ஊட்டியில இருந்து இப்பதான் வந்தேன் தம்பி," என்றார்.

"எந்திரிச்சு வாடா லூயிசு," என்றாள் வாசலில் நின்ற கனகமணி. "சீக்கு புடிச்ச ஊடு."

"ஒட்டுற சீக்கு இல்லீங்க," என்றாள் ஞானசுந்தரி. அழுகையை நிறுத்தாமலே பேசினாள். "ஆனா ஒளிச்சது தப்பு. நானுந்தான் சரின்னேன். இஷ்டமில்லேன்னா நீங்க போகலாம். இனி யாருக்காகவும் எங்கப்பாவ ஒளிக்க மாட்டேன்."

வேலாயிக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. "ஒளிஞ்சிருக்கவுகளக் கண்டுபிடிச்சா என்னங்க பண்ணுவீக?"

"குண்டு போடுவோங்க," என்றான் லூயிஸ். எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு, "இங்க அதுக்கு உத்தரவு இல்லீங்க," என்றான். பிறகு அருளாயியிடம் திரும்பி, இவ்வளவு நேரம் இடித்த சம்பலில் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டான். அத்தைக்கும் ஒரு தட்டு வந்தது. அவள் சாப்பிடாமல் முறைத்துக்கொண்டிருந்தாள், அப்புறம் சாப்பிட்டாள்.

கல்யாணம் நிச்சயமாகி, மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பின் கடைசி ஓலை வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமை, தங்கையா தானாகவே முன்வந்து, "நான் வேணா ஊட்டிக்குப் போயிரட்டுமா?" என்றார். ஞானசுந்தரி அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முதல் வரிசையில் உட்கார வைத்துவிட்டு, பெண்கள் பக்கம் போனாள்.

சாமியார் இரண்டு பெயர்களையும் வாசித்தார். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று நிறுத்தினார். கோயில் நிசப்தமானது. அந்த நிசப்தத்துக்குள் தங்கையா இருமினார். சுருக்கமாக அல்ல, ஆரம்பித்த வேலையை முடித்துவிட்டுத்தான் ஓய்ந்தார். சாமியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"அது தடை இல்லீங்க சாமி," என்று ஒரு குரல் கேட்டது. "எங்க மாமனாருங்க."

கல்யாணப் பெண் கோயிலில் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அருளாயி முழங்கையால் இடித்தாள். ஞானசுந்தரி திரும்பவில்லை. கண்ணை மூடிக் கேட்டாள். ஆண்கள் பக்கம், கடைசி வரிசை, கதவோரம்.