மாமாவின் மேல்வரிசைப் பல்

பல் செட் செய்து கொடுக்கிற பல்லுக்காரரை அந்த வருஷம் போலீஸ் நடுத்தெருவில் நிறுத்திச் சோதித்தது அன்றோடு பன்னிரண்டாவது தடவை. காரணம் கேட்டால் ஒருநாள் வேகமாக நடந்தாராம், இன்னொருநாள் மெதுவாக நடந்தாராம். பிறகு எப்படித்தான் நடந்து தொலைப்பது என்று எவனும் சொல்லவில்லை.

அன்று பையில் ஒரு டப்பாவுக்குள் இருந்தது அக்கா புருஷனான மாமாவுக்குச் செய்த மேல்வரிசைப் பல். ஒன்பது நாள் உழைப்பு. மாலை ஐந்து மணிக்கு நகர மன்றத்தில் கூட்டம். இரண்டு தீர்மானங்கள் ஓட்டுக்கு வருகின்றன. வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைப் பதிவு செய்து, பூட்டி வைத்திருப்பதை அதிகாரிக்குக் காட்ட வேண்டும் என்பது ஒன்று. தெருவில் போகிற யாரையும் காரணம் சொல்லாமலே போலீஸ் சோதிக்கலாம் என்பது மற்றொன்று. முதலாவதை எதிர்த்தும் இரண்டாவதை ஆதரித்தும் பேசப்போகிறவர் சாட்சாத் இந்த மாமாதான். அவர் எழுந்து பேசினால் பாதி மன்றம் அவர் பக்கம் சாய்ந்துவிடும். தன்னைத் தெருவில் நிறுத்தச் சொல்லிப் பேசப்போகிற வாய்க்குத் தானே பல் கட்டுகிறோமே என்ற வயிற்றெரிச்சல் ஒன்பது நாளும் பல்லுக்காரருக்கு இருந்தது. ஆனாலும் வேலையில் குறை வைக்கவில்லை. அது அவருக்கு வராது.

நிறுத்திய இரண்டு போலீஸ்காரர்களில் சின்னவன் டப்பாவைத் திறந்து கவிழ்த்தான். பல் நடைபாதை விளிம்பில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. "யாரோட சிரிப்பு இது?" என்று கேட்டுத் தானே சிரித்துக்கொண்டான். பெரியவன், "சரி, போங்க" என்றான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

மாமா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இரண்டு துண்டையும் வைத்தபோது மணி மூன்று. மாமா முடி வெட்டிக்கொண்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். மேல்பல் இல்லாத வாயில் பேச்சு பாதி காற்றாக வந்தது.

"டப்பாவைத் திறக்கக் கூடாதுன்னு சொல்ல வேண்டியதுதானே மாப்ள?"

"தப்பு செய்யாதவனுக்குத் திறந்து காட்ட என்ன பயம்னு நீங்கதானே சொல்வீங்க மாமா."

"அது தெருவுக்கு. எவன்கிட்ட துப்பாக்கி இருக்குன்னு வேற எப்படித் தெரியும்?"

"உங்க அலமாரியில எத்தனை இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"அது என் வீடு. நேர்மையானவன் வீட்டுக்குள்ள வந்து எண்ணுவாங்களா? அவமானம் இல்லையா அது?"

"என் பைக்குள்ள எண்ணலாமா?"

மாமா விடவில்லை. "சோதனை போடறதாலதான் யார்கிட்டயும் எதுவும் சிக்கறதில்ல. அந்தப் பயம் இருக்கணும்."

"நாளைக்கு ஒண்ணு சிக்கினா?"

"பாத்தியா, அப்போ சோதனை தேவைதானே."

சிக்கினாலும் ஜெயம், சிக்காவிட்டாலும் ஜெயம். தோற்கவே முடியாத வாதத்தை வைத்துக்கொண்டு மனுஷன் ஊரையே ஏய்க்கப் பார்க்கிறாரே என்று பல்லுக்காரருக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

அக்கா தேநீரோடு வந்தாள். புருஷனின் இடுப்பைப் பார்த்து முகம் சுளித்தாள். "முடி வெட்டப் போறதுக்கும் அந்தச் சனியனைச் செருகிட்டுத்தான் போகணுமா? வீட்டுக்குள்ளயாவது எடுத்து வைங்க."

மாமா கோட்டுக்கு அடியிலிருந்து கைத்துப்பாக்கியை எடுத்து மேஜைமேல், உடைந்த பல்லுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எந்த வழியா போனீங்க மாமா?"

"நம்ம தெரு வழியாத்தான். அந்த ரெண்டு போலீஸ்காரனுங்களும் நின்னுட்டிருந்தானுங்க. சாயங்காலம் நல்லா பேசுங்க சார்னு..." மாமா பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பல்லுக்காரர் பையிலிருந்து பல் ஒட்டுகிற பொடியையும் திரவத்தையும் எடுத்துக் குழைத்தார். அரை மணியில் துண்டுகளை ஒட்டி, விளிம்பைத் தேய்த்து, கழுவி, மாமாவின் வாயில் பொருத்தினார்.

பல் பொருத்தியதும் ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லிக் கேட்பது அவர் வழக்கம். எங்காவது இடறினால் இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். மற்றவர்களை வெயில், மழை என்று எதையாவது சொல்லச் சொல்வார்.

"சொல்லுங்க மாமா. 'துப்பாக்கி இருந்தது என்கிட்ட. நிறுத்திச் சோதிச்சது என் மச்சினனை.'"

"மாப்ள, இது..."

"பொருந்துதான்னு பாக்கணும். இல்லாட்டி மேடையில கழண்டு விழும்."

மாமா மேஜையைப் பார்த்தார். பெண்டாட்டியைப் பார்த்தார். பிறகு முணுமுணுவென்று சொல்லி முடித்தார். பல் எங்கேயும் இடறவில்லை.

"எனக்குச் சரியா கேக்கல" என்றாள் அக்கா. "மன்றத்துல கடைசி வரிசையில இருக்கறவங்களுக்கும் கேக்கற மாதிரி சொல்லிப் பழகுங்க."