ராஜ்குமார் சாரின் இன்பாக்ஸ்

கம்பெனிக்கு வரும் மெயில்களை நானும் காவியா அக்காவும்தான் பார்த்தோம். மெயில் ஐடி மேனேஜர் ராஜ்குமார் சாருடைய பெயரில் இருந்தது. ஆனால் அவர் அதைத் திறந்து நான் பார்த்ததில்லை. காலையில் வந்ததும் பையை மேஜைமேல் வைத்துவிட்டு, "என்ன வந்திருக்கு?" என்பார். காவியா அக்கா வாயால் சொல்லுவாள். அவர் நின்றபடியே பதில் சொல்லுவார். நான் டைப் அடிப்பேன். பிறகு அவர் மிஷின்கள் இருக்கும் பக்கம் போய்விடுவார்.

ஓசூர் சிப்காட்டில் கடைசி ரோட்டில் இருக்கும் சின்ன ஷெட் அது. வண்டி பிரேக்கில் வரும் ஒரு இரும்புத் துண்டைக் கடைந்து, கர்நாடக பார்டர் தாண்டி பொம்மசந்திராவில் உள்ள பெரிய கம்பெனிக்கு அனுப்புவோம். அந்தக் கம்பெனியிலிருந்து எங்களிடம் பேசுவது சுசித்ரா மேடம். அவருக்குக் கன்னடம்தான் வரும். போன் அடித்தால் காவியா அக்கா எடுத்து, "ஹேளி மேடம்" என்று ஆரம்பிப்பாள். நடுவில் சிரிப்பாள். முடிக்கும்போது சரி சரி என்பதற்கு "ஆய்து, ஆய்து" என்பாள். நான் போன் எடுக்க மாட்டேன். அது அடித்தாலே எனக்குக் கை வேர்க்கும். பதினொன்றாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள் என்பதற்காகப் பள்ளிக்கூடத்தையே விட்டவள் நான். காவியா அக்கா இருந்ததால் அந்த நாற்காலியில் என்னால் உட்கார முடிந்தது.

எங்கள் தொழிலில் யாரும் புது மெயில் எழுதுவதில்லை. பழைய மெயில் ஒன்றைத் திறந்து அதற்கே பதில் போடுவார்கள். அதில் எல்லாருடைய ஐடியும் ஏற்கெனவே இருக்கும், மறுபடி தேட வேண்டாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ 'ஆயுத பூஜை வாழ்த்துகள்' என்று ஒரு மெயில் அனுப்பியிருந்தார்கள். அன்றிலிருந்து லாரி எப்போது வர வேண்டும், எத்தனை பெட்டி, எந்தத் துண்டில் ஓட்டை பெரிதாகிவிட்டது, எல்லாமே அந்த வாழ்த்துக்குக் கீழேதான் வந்தது. சுசித்ரா மேடம் திட்டுவதும் அதற்குக் கீழேதான்.

ஒருநாள் மவுஸ் கெட்டுப்போனது. புதிது வாங்கி வர ஆள் போயிருந்தான். நான் சும்மா இருக்க முடியாமல் கீபோர்டில் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். கேள்விக்குறியை அழுத்தியபோது திரை முழுக்க ஒரு அட்டவணை வந்தது. எனக்கு முன்னால் அங்கே இருந்த யாரோ அதை ஆன் செய்து வைத்திருக்க வேண்டும். ஜே அழுத்தினால் அடுத்த மெயில். கே அழுத்தினால் முந்தினது. ஓ திறக்கும். ஆர் பதில் எழுதும். ஈ அழுத்தினால் மெயில் இன்பாக்ஸை விட்டுப் போய்விடும், ஆனால் அழியாது, தேடினால் கிடைக்கும். எம் அழுத்தினால் அந்தப் பேச்சு முழுவதும் அமைதியாகிவிடும். அதற்குக் கீழே இனிமேல் எது வந்தாலும் இன்பாக்ஸில் காட்டாது.

புது மவுஸ் வந்த பிறகும் நான் அதைத் தொடவில்லை.

"என்னடி இது, வெங்காயம் அரியற மாதிரி சத்தம்," என்றாள் காவியா அக்கா. "நான் ஒண்ணைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள நீ பத்தைத் தள்ளிட்டிருக்கற."

"அக்காவும் பழகுங்க. ரொம்ப சுலபம்."

"எனக்கெதுக்கு? நான் வாயால பொழைக்கறவ."

டீ வருவதற்குள் இன்பாக்ஸ் காலியாகத் தொடங்கியது. முன்பெல்லாம் மத்தியானம்வரை இழுக்கும். காலியான இன்பாக்ஸ் வெள்ளையாக இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பிடித்திருந்தது. வேறு எதுவும் தோன்றாது.

அதை ராஜ்குமார் சாரும் ஒருநாள் பார்த்துவிட்டார்.

"டீக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சிருச்சே. அப்புறம் சாயங்காலம்வரைக்கும் ரெண்டு பேரும் என்ன பண்றீங்க, பல்லாங்குழி ஆடறீங்களா?"

காவியா அக்கா சிரித்தாள். நானும் குனிந்துகொண்டே சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்‌ஷன் பெஞ்சில் ஆள் குறைவாக இருந்தது. அங்கே ஷிஃப்ட் முழுக்க நின்றுகொண்டு, ஒவ்வொரு துண்டின் ஓட்டையிலும் அளவுக் கம்பியை விட்டுப் பார்க்க வேண்டும். சரியாக இருப்பது ஒரு பெட்டிக்கு, தவறானது இன்னொரு பெட்டிக்கு.

"காவியா, நாளையிலிருந்து நீ பெஞ்சுக்குப் போ. மெயில் வேலைக்கு இந்தப் பாப்பா ஒருத்தி போதும்," என்றார்.

"போன் யாரு சார் எடுக்கறது?"

"போனை என் டேபிளுக்கு மாத்திக்கறேன்."

அவர் போன பிறகு காவியா அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள், குடிக்காமல் மூடினாள். அவளுக்கு அப்போது நான்காம் மாதம். கம்பெனியில் என் ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தாள். நாங்கள் காண்ட்ராக்ட் ஆட்கள். மாசமாக இருப்பது தெரிந்தால், வீட்டில் ஓய்வாக இரும்மா என்று நல்லவிதமாகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அனுப்பியவர்களைத் திரும்பக் கூப்பிட்டதில்லை. போன வருஷம் உண்டான ஒன்று அவளுக்குத் தங்கவில்லை. நின்று வேலை செய்யக் கூடாது, தங்குவது கஷ்டம் என்று இந்த முறை டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார்.

"நான் வேணா போறேங்கா," என்றேன்.

"யாருகிட்ட சொல்லுவ? சார்கிட்ட நீ போய்ச் சொல்லுவியா?" என்றாள். திட்டுவது போல இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

மறுநாள் அவள் பெஞ்சில் நின்றாள். கண்ணாடித் தடுப்பு வழியாக அவள் முதுகு எனக்குத் தெரிந்தது. மெதுவாக வேலை செய்தால் ஒரு ஆள் போதவில்லை என்று அவளைத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று நினைத்து மவுஸை எடுத்தேன். கொஞ்ச நேரம் செய்தேன். பிறகு பார்த்தால் விரல் ஜே மேல் இருந்தது, டீக்கு முன்னால் இன்பாக்ஸ் வெள்ளையாக இருந்தது. எப்போது மாறினேன் என்று தெரியவில்லை.

பேச முடியாவிட்டால் எழுதலாம் என்று தோன்றியது. வீட்டிலிருந்து என் போனில் ராஜ்குமார் சாருக்கு ஒரு மெயில் எழுதினேன். என்னைப் பெஞ்சுக்கு அனுப்புங்கள், காவியா அக்காவை மெயிலுக்கு வையுங்கள், நான் நன்றாக நிற்பேன் என்று எழுதினேன். காரணம் எழுதவில்லை.

காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் அந்த மெயில் என் முன்னால்தான் இருந்தது. ராஜ்குமார் சாருக்கு யார் என்ன எழுதினாலும் நான்தான் பார்ப்பேன் என்பதை நான் யோசிக்கவில்லை.

காவியா அக்கா போன பிறகு, வந்த மெயில்களை ஒரு சீட்டில் எழுதி சாரிடம் கொடுப்பது வழக்கமாகியிருந்தது. அன்றைய சீட்டின் கடைசியில் என் பெயரைப் போட்டு, 'செல்லி: பெஞ்சுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டு மெயில்' என்று எழுதினேன். அவர் நின்றபடியே வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கடைசி வரிக்கு வந்தார்.

"யாரு இந்தச் செல்லி? காண்ட்ராக்ட் லேபரா?"

நான் தலையாட்டினேன்.

"இவங்களுக்கு யாரு என் ஐடியைக் குடுக்கறது? எல்லாரும் மெயில் போட ஆரம்பிச்சா கம்பெனி நடத்த முடியுமா? அதை ஓரமா தள்ளு பாப்பா."

நான் அவருக்கு எதிரில், கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தேன். நான்தான் சார் என்று சொன்னால் போதும். வாய் கொஞ்சம் திறந்ததுகூட ஞாபகம் இருக்கிறது. அவர் போய்விட்டார். நான் உட்கார்ந்து ஈ அழுத்தினேன். என் மெயில் போய்விட்டது.

சாயங்காலம் பஸ்ஸில் காவியா அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாங்கள் இரண்டு பேரும் ராயக்கோட்டை ரோட்டு பஸ். அவள் உத்தனப்பள்ளியில் இறங்குவாள், என் ஊர் அதற்கு அப்பால். செருப்பைக் கழற்றிக் காலை சீட்டுக்கடியில் நீட்டினாள். கணுக்கால் எலும்பு தெரியவில்லை, ஒரே வீக்கமாக இருந்தது.

"மத்தியானம் லேசா கறை பட்டுச்சி," என்றாள் முன் சீட்டைப் பார்த்துக்கொண்டே.

"லீவு போடுங்கக்கா."

"எத்தினி நாளைக்குப் போடுவ? ஒரு வாரம் போட்டா அந்த எடத்துல வேற ஆளு. உக்காந்து செய்யற வேலைன்னா ஏழாம் மாசம்வரைக்கும் ஓட்டிருவேன். அதுக்கப்புறம் அவங்களா அனுப்பறதுக்கு முன்னாடி நானே நின்னுக்குவேன்."

உத்தனப்பள்ளியில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

மறுநாள் காலையில் நான் 'ஆயுத பூஜை வாழ்த்துகள்' மேல் போய் நின்றேன். எம் அழுத்தினேன். கீழே ஒரு சின்னக் கறுப்புப் பட்டை வந்து, செய்ததைத் திருப்ப வேண்டுமா என்று கேட்டது. அது தானாக மறையும்வரை கையை மடியில் வைத்திருந்தேன். பயமாகவோ துக்கமாகவோ இருக்கும் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. அடுத்த மெயிலுக்குப் போனேன்.

அந்த வாரம் சீட்டில் எழுத அதிகம் இல்லை. "இன்னிக்கு ஒண்ணும் பெருசா இல்லையா? நல்லது," என்றார் சார். அவர் மேஜையில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அவர் மிஷின் பக்கம் இருந்தார். நான் எடுக்கவில்லை. அதை யாரும் என்னிடம் எதிர்பார்க்கவும் இல்லை.

லோடு வழக்கம்போலக் கிளம்பியது. சாயங்காலம் அதே லோடோடு திரும்பி வந்தது. டிரைவர் மாடசாமி அண்ணன் தூத்துக்குடிப் பக்கம். வண்டியை நிறுத்திவிட்டு நேராக ஆபீஸுக்குள் வந்தார்.

"ஏ தாயி, ஒங்க சரக்குக்கு பொம்மசந்திராவைச் சுத்திக் காட்டிட்டுக் கூட்டியாந்துட்டேன். கேட்டுக்கு உள்ளயே விடல. காலைலேர்ந்து வெயில்ல கெடக்கோம், நானும் வண்டியும். வண்டிக்காவது டீசல் போட்டாவ."

"சாப்பிட்டீங்களாண்ணா?"

"சாப்பாடு கெடக்கட்டும். ஒங்க சாரு எங்க?"

சார் வருவதற்குள் அவருடைய கைப்பேசிக்கே சுசித்ரா மேடம் கூப்பிட்டுவிட்டார். டிராயிங் மாறிவிட்டது, பழைய அளவுத் துண்டை அனுப்பாதீர்கள் என்று எழுதி நாளாகிவிட்டது, நினைவூட்டலும் போட்டோம், போனும் செய்தோம் என்றார். சார் கன்னடமும் தமிழும் கலந்து எதையோ சொல்லிப் பார்த்தார். பிறகு என் பின்னால் வந்து நின்றார்.

"காட்டு," என்றார்.

நான் ஸ்லாஷ் அழுத்தித் தேடினேன். எல்லாம் அங்கேயே இருந்தன, திறக்கப்படாமல், தடித்த எழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக.

"இது எப்படி உன் கண்ணுல படல?"

"தெரியல சார்."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு அழுகை வந்திருக்கலாம். "விரலு மட்டும் வேகமா இருந்து என்ன பாப்பா பிரயோஜனம்," என்றார். "நாளைக்கு நீ பெஞ்சுக்குப் போ. காவியா வரட்டும். அவ போன் எடுத்திருந்தா, அந்த மேடம் சொன்ன அன்னிக்கே லோடை நிறுத்தியிருப்பா."

சரி சார் என்றேன். மாடசாமி அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு கதவோரமாக நின்றிருந்தார். ஒருநாள் ஓட்டம் அவருக்கு வீண். அதற்கு அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

எல்லாரும் போன பிறகு, அந்த ஆயுத பூஜை மெயிலைத் தேடி எடுத்து இன்பாக்ஸில் திரும்பச் சேர்த்தேன். அடுத்த மெயில் வந்தால் காவியா அக்காவுக்குத் தெரிய வேண்டும்.

பெஞ்சில் யாரும் என்னோடு பேசுவதில்லை. மிஷின் சத்தத்தில் பேசினாலும் கேட்காது. துண்டை எடுக்கிறேன், கம்பியை விடுகிறேன், பெட்டியில் போடுகிறேன். முதல் நாள் பாதம் எரிந்தது. அப்புறம் முழங்காலுக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் காவியா அக்கா ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மவுஸை உருட்டிக்கொண்டிருந்தாள். மத்தியானம் தாண்டியும் இன்பாக்ஸ் முடியவில்லை போலிருந்தது. சார் இரண்டு தடவை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

முதல் நாள் சாயங்காலம் பஸ்ஸில் காவியா அக்கா சூடாபுரம் ஏரி தாண்டிய பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சுசித்ரா மேடம் எழுதினது உனக்கு நெஜமாவே வரலையா?"

"வரலக்கா."

"சார் நம்புவாரு. இத்தினி மாசமா உன் பக்கத்துல உக்காந்திருந்தவகிட்ட சொல்ற நீ."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"அந்த டிரைவரண்ணன் பாவம்," என்றாள்.

"ஆமாக்கா."

"இன்னொரு தடவ இப்படி ஆனா உன்னை வெளிய அனுப்பிருவாங்க. தெரியுமில்ல?"

"தெரியும்."

அவள் பையை எடுத்து மடியில் வைத்தாள். பிறகு, "யாரு கேட்டாலும் வரலன்னே சொல்லு. நானும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்," என்றாள்.

உத்தனப்பள்ளி வந்தது. கம்பியைப் பிடித்து, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்கினாள். கண்டக்டர் சீக்கிரம் சீக்கிரம் என்று தட்டினான். பஸ் கிளம்பியது. நான் எழுந்து நின்று பார்த்தேன். நின்றபடியே என் ஊர்வரை வந்தேன், உட்காரத் தோன்றவில்லை.