புளி மண்டி வேனில் ஏழு பேர்

அரூரில் கட்டில், பெஞ்சு செய்கிற தஸ்தகீருக்கு ஐந்து பிள்ளைகள். வீட்டில் ஏழு பேரும் சேர்ந்து பஸ் ஏறினால் இறங்கும்போது ஒன்றாவது குறையும். ஒருமுறை ஷகிலாவைக் கடத்தூரிலேயே விட்டுவிட்டு அடுத்த ஊர்வரை போய்விட்டார்கள். அன்றைக்கே அவர் முடிவு செய்துவிட்டார். இனி எங்கே போனாலும் சொந்த வண்டிதான். உட்காருவது மட்டுமில்லை, படுப்பது, சமைப்பது எல்லாம் அதற்குள்ளேயே நடக்க வேண்டும்.

1971ஆம் வருஷம் அப்படி ஒரு வண்டி கிடைத்தது. சேலத்தில் ஒரு புளி மண்டிக்காரர் ஓட்டித் தேய்த்த சாமான் வேன். ஜன்னல் கிடையாது. மூன்று நாள் கழுவியும் உள்ளேயிருந்து பழுப்புத் தண்ணீர்தான் வந்தது.

"ரெண்டு மொளகா கிள்ளிப் போட்டா ரசமேங்க" என்றாள் அவர் மனைவி ஹமீதுன்னிசா.

தஸ்தகீர் காதில் வாங்கவில்லை. ரயில் பெட்டியில் இருப்பதுபோல ஒரு பக்கம் மூன்று அடுக்குப் படுக்கை அடித்தார். பின்கதவில் கீல் வைத்து, மடக்கினால் கதவு, விரித்தால் சமையல் மேடை என்று ஒரு பலகை பொருத்தினார். தகரத்தை வெட்டி இரண்டு ஜன்னல் வைத்தார். ஒன்று உட்கார்ந்தவர்களுக்குச் சரியாக இருந்தது, இன்னொன்று நின்றவர்களுக்கு. "வேணும்னுதான் அப்பிடி வெச்சேன்" என்றார்.

மேல் படுக்கைக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. உள்ளே போனபிறகு புரண்டு படுக்க முடியாது. அதனால் மூத்தவன் ஜமீர் குப்புறப் படுப்பதா மல்லாந்து படுப்பதா என்பதை ஏறுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது.

வேனுக்கு வெள்ளை பெயிண்ட் அடித்தார்கள். பின்னால் வருகிற வண்டிக்காரருக்குத் தெரியட்டும் என்று தஸ்தகீர் ஒரு சிவப்பு முக்கோணமும் வரைந்தார். ஏணியைப் பக்கத்து வீட்டார் வாங்கிப் போயிருந்ததால், வேன் கூரைமேல் குப்புறப் படுத்துத் தலையைத் தொங்கவிட்டு வரைந்தார். அவருக்கு நேராகத் தெரிந்தது, கீழே நின்றவர்களுக்குத் தலைகீழாக இருந்தது.

முதல் பயணம் ஒகேனக்கல்லுக்கு. பட்டாளத்தில் நாலு வருஷம் லாரி ஓட்டியவர் என்பதால் தஸ்தகீருக்கு ஓட்டுவதில் சிரமமில்லை. வழிதான் சிரமம். பென்னாகரம் தாண்டி எங்கோ தப்பாகத் திரும்பினார்.

"ஏங்க, யாரையாச்சும் கேளுங்களேன்."

"எனக்குத் தெரியாத வழியா?" என்று சொல்லி வாய் மூடுவதற்குள், ஏரியூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரின் முன்னால், வறண்ட ஓடை மணலில் முன்சக்கரம் பாதி புதைந்து வேன் நின்றுவிட்டது. பிள்ளைகள் ஐவரும் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

புளியமரத்தடியில் ஏழெட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தள்ளிவிடத்தான் அவர்களும் எழுந்து வந்தார்கள். அதில் முனியப்பன் என்பவர் பின்னால் போய் முக்கோணத்தைப் பார்த்தார். வெள்ளை வண்டி, தலைகீழ்ச் சிவப்பு முக்கோணம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஆள் சேர்க்க ஊர் ஊராக வருகிற வண்டிக்கும் அதே அடையாளம். மெதுவாக ஜன்னல் திரைச்சீலையை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். மேல் படுக்கையில் ஜமீர் தலையோடு கால் வெள்ளைத் துப்பட்டி போர்த்தி அசையாமல் கிடந்தான்.

"ஐயோ, உள்ள ஒருத்தனை அறுத்துப் போட்டிருக்காங்கடா!"

அவ்வளவுதான். ஒருவரும் மிச்சமில்லாமல் சோளக்காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். சக்கரத்தருகே கிடந்த ஒற்றைச் செருப்புகளைப் பார்த்தபடி தஸ்தகீர் திகைத்து நின்றார்.

சற்று நேரத்தில் ஒரு பெண் வேகமாக வந்தாள். முனியப்பனின் மனைவி சென்னம்மாள். நேராக ஹமீதுன்னிசாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா, நல்ல வேளை வந்தீங்க. எங்க வூட்டுக்காரரு அந்த மூணாவது சோள வரிசைக்குள்ள ஒளிஞ்சிருக்காரு. ஆறு புள்ளைங்க. புடிச்சுக்குங்க."

"நான் டாக்டர் இல்லீங்க. பிரியாணி பண்ண வந்தவ."

"ஆபரேஷன் பண்ணுனா பிரியாணி வேற போடுறீங்களா!" என்று சென்னம்மாள் இன்னும் மகிழ்ந்துபோனாள். காட்டைப் பார்த்துக் கத்தினாள். "யோவ், பிரியாணி போடுறாங்களாம், வாய்யா!"

சோளத்தட்டைகள் இன்னும் உள்ளே நகர்ந்தன.

தள்ள ஆள் இல்லை, பசி நேரம். ஹமீதுன்னிசா பின்பலகையை விரித்து, பம்பு ஸ்டவ்வைப் பற்றவைத்து, கத்தியை எடுத்தாள். "கத்திடா!" என்று காட்டுக்குள் ஒரு குரல் நடுங்கியது.

"வெங்காயம் அரியறதுக்குங்க!" என்று அவள் ஒரு வெங்காயத்தைத் தூக்கிக் காட்டினாள். யாரும் நம்பவில்லை.

கறி வேகும் வாசனைக்குப் பிள்ளைகள் விழித்தார்கள். முதலில் ஷகிலா குதித்தாள். பிறகு இரட்டையர். பிறகு கடைக்குட்டி. கடைசியாக, துப்பட்டியோடு ஜமீர்.

"அத்தா, ஒகேனக்கல் வந்துடுச்சா?"

அறுத்துப் போட்ட ஆள் எழுந்து நடப்பதைப் பார்த்ததும் சோளக்காட்டிலிருந்து முனியப்பனின் தலை மட்டும் வெளியே வந்தது.

"பாய், அது எல்லாம் உங்க புள்ளைங்களா?"

"ஆமாங்க."

"அஞ்சுமா?"

"அஞ்சும்தாங்க."

முனியப்பன் காட்டுப் பக்கம் திரும்பினார். "வெளிய வாங்கடா! இவரு அந்த ஆளு இல்ல. அந்த ஆளுங்க வந்தா மொதல்ல இவரைத்தான் புடிப்பாங்க!"

ஆண்கள் தலையில் ஒட்டிய சோளச் சோகையைத் தட்டிக்கொண்டு வந்தார்கள். சென்னம்மாளுக்கு மட்டும் முகம் தொங்கிவிட்டது. ஹமீதுன்னிசா முதல் தட்டு பிரியாணியை அவளுக்குத்தான் வைத்தாள்.

சாப்பிட்ட தெம்பில் ஒரே தள்ளில் வேன் மேலேறியது. ஆனால் கிளம்ப விடவில்லை. படுக்கையில் படுத்துப் பார்க்க ஊரே வரிசையில் நின்றது. மேலடுக்கில் மல்லாந்து படுத்த முனியப்பன் இறங்கத் தெரியாமல் சிக்கிக்கொண்டார். இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்தார்கள். வெளியே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பாய், எங்க வூட்டுக்கும் இதேமாதிரி ஒண்ணு பண்ணித் தருவீங்களா? ஆறு புள்ளைங்களையும் அடுக்கிடலாம்."

தஸ்தகீர் அங்கேயே பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, அவர் வீட்டைப் போய் அளந்துவிட்டு வந்தார். அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டதால் குடும்பம் அங்கேயே தங்கியது.

மறுநாள் வழிகாட்ட முனியப்பன் வேனில் ஏறினார். அவரை நம்பாமல் சென்னம்மாள் ஏறினாள். அவளை விடாமல் ஆறு பிள்ளைகளும் ஏறினார்கள். ஒகேனக்கல்லில் கதவைத் திறந்தபோது பதினைந்து பேர் ஒருவர் பின் ஒருவராக இறங்குவதைப் பரிசல்காரர் ஒருவர் துடுப்பை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

"கல்யாண கோஷ்டிங்களா?"

"இல்லீங்க, குடும்பம்" என்றார் தஸ்தகீர்.

பரிசல்காரர் வேனின் பின்புறம் போய் முக்கோணத்தைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், மறுபடி முக்கோணத்தைப் பார்த்தார். பிறகு பெரிய பரிசலை இழுத்து வரப் போனார்.