அப்பாவின் காதும் பழைய எக்ஸ்பியும்

அப்பாவின் காதிலிருந்து மெஷினைக் கழற்றித் துடைத்து, லேப்டாப்போடு ஒயரில் இணைத்தாள் சிந்து. ஜனக்புரி வாடகை வீட்டில் கட்டில்தான் மேஜை. அப்பா பெரியண்ணன் அசையாமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு போய்ப் பாதி தேசத்தில் போர்வெல் போட்டவர். தண்ணீர் தோட்டக்காரர்களுக்கு வந்தது. கம்ப்ரஸர் இரைச்சல் இவர் செவியைத் தின்றது. இப்போது மெஷின் வைத்தாலும் பேச்சு கூழாகத்தான் கேட்கிறது. மறுபடி டியூன் செய்ய வேண்டும். அதற்கான சாஃப்ட்வேர் எக்ஸ்பி என்ற பழைய சிஸ்டத்தில் மட்டுமே ஓடும். "எக்ஸ்பி இருந்த கம்ப்யூட்டரே செத்துப்போச்சு, புது மெஷின் வாங்கிக்குங்க" என்று இந்தியில் சொல்லி, சிடியையும் ஒயரையும் கையில் கொடுத்துவிட்டான் காது மெஷின் கடைக்காரன்.

சிந்துவுக்கு ஐ.டி. வேலை. புது லேப்டாப்புக்குள் ஒரு ஜன்னல் திறந்து, அதற்குள் எக்ஸ்பியை ஏற்றினாள். அதன் பச்சைப் புல்வெளிப் படம் திரையில் வந்தது. தான் இன்னொரு கம்ப்யூட்டரின் வயிற்றில் ஓடுகிறோம் என்பது அதற்குத் தெரியாது.

"மாடி ஊட்டுக்குள்ள குடிசை போட்டிருக்கறா பாருங்க!" என்று அம்மா வடிவு கத்தினாள். அவளுக்குப் பேச்சென்றாலே கத்தல்தான். இந்த வீட்டில் என்ன குழம்பு என்பது தெருவுக்கே தெரியும்.

"அம்மா, சும்மா இரு. டியூன் பண்றது நடுவுல நின்னா இப்பக் கேக்கறதும் போயிரும்."

வடிவு வாயை மூடிக்கொண்டாள். திரையில் நீலக்கோடு ஊர்ந்தது, நின்றது, மறுபடி ஊர்ந்து முடிந்தது. மெஷினை அப்பாவின் காதில் மாட்டிவிட்டு, "பேசும்மா" என்றாள் சிந்து.

வடிவு பழக்கப்படி குனிந்து, காதோரம் வாயை வைத்தாள். "ஏனுங்க! கேக்குதுங்களா!"

பெரியண்ணன் துள்ளி விலகினார். "ஏம்புள்ள இந்தக் கத்து கத்தற? நானென்ன செவுடனா?"

சிந்து சிரித்துவிட்டாள். வடிவு சிரிக்கவில்லை. மெதுவாகப் பேசத் தொண்டையைக் கனைத்தாள். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு, யாரோ புது மருமகள்போல, "சோறு போடட்டுங்களா?" என்றாள்.

அவர் தலை நிமிரவில்லை. "இன்னொருக்கா சொல்லு."

"சோறுங்க."

"சோறு கெடக்குது. வேற எதாச்சும் சொல்லு."

வடிவு மகளைப் பார்த்தாள். சிந்து அவசரமாக லேப்டாப் பக்கம் திரும்பி, அந்தப் புல்வெளியை மூடி, லேப்டாப்பை அணைத்தாள். கருத்த திரையில் பின்னாலிருந்த இரண்டு தலைகள் தெரிந்தன. அம்மாவின் உதடு அசைந்தது. சிந்துவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவின் தலை மட்டும் மெல்ல ஆடியது.