அக்கா கையில் ஓர் எலி

1

இந்தக் கதை பிறந்தது என் வாய்க்கொழுப்பால். வாரப் பத்திரிகையில் ஆங்கிலச் சொற்களின் பூர்வீகத்தைக் கிளறி எழுதுகிறவள் நான். வீட்டிலும் சும்மா இருக்க மாட்டேன். பக்கவாதத்தில் விழுந்த அக்காவின் வலது கைக்கு எண்ணெய் தேய்த்தபடியே சொன்னேன்: "தசைக்கு இங்கிலீஷ்ல மஸில்னு சொல்றோமே, அதுக்கு லத்தீன்ல குட்டி எலின்னு அர்த்தம்க்கா. தோலுக்கடியில எலி ஓடற மாதிரி தெரிஞ்சுதாம்."

அக்கா தையல் வேலை பார்த்தவள். மடியில் கிடந்த கையைப் பார்த்துச் சிரித்தாள். "அப்ப என் எலி செத்துப்போச்சுன்னு சொல்லு."

எனக்கு அழுகை முட்டியது. என் அறைக்குப் போய் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: 'ஜன்னலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்குக் காற்றின் கண் என்று பொருள். அந்தக் கண்ணருகே ஒருத்தி' (வேண்டாம். மேதாவித்தனம்.)

இரண்டாவது: 'எலி சாகவில்லை. தூங்கிக்கொண்டிருந்தது. இப்போது விழித்தது.'

பக்கத்து அறையில் அக்கா அலறினாள். "ஏய், உள்ள என்னமோ ஓடுதுடி!"

ஓடினேன். மணிக்கட்டில் தோல் புடைத்து நகர்ந்தது. விரல்கள் மடங்கின. இருவரும் கட்டிக்கொண்டு அழுதோம்.

3

ஆசை யாரை விட்டது? 'எலி முழங்கைக்கு ஏறியது' என்று எழுதினேன், கை மடங்கியது. 'தோளுக்கு' என்றேன்; கை உயர்ந்தது. 'பிறகு அது வெளியே போக வழி தேடி'

(சுவைக்காகச் சேர்த்த வரி. பாதி எழுதும்போதே புடைப்பு அக்காவின் கழுத்துக்கு வந்துவிட்டது. பதறி அந்த வரியை அடித்துவிட்டேன், கை பொத்தென்று விழுந்தது. திரும்ப எழுதினேன், கைக்கு உயிர் வந்தது, எலி கழுத்தில். அதனால்தான் இங்கே எதையும் அழிக்கவில்லை.)

4

முடிவுகள் இரண்டு. எல்லாவற்றையும் அடித்துவிட்டால் கழுத்து தப்பும், கை போகும். வாக்கியத்தை முடித்தால் எலி வழியைக் கண்டுபிடித்துவிடும். அக்காவிடமே கேட்டேன்.

"எதையும் அடிக்காத. எலி வளையானாலும் தனி வளைன்னு வந்திருக்கு, இருந்துட்டுப் போகட்டும். எத்தனை நாளைக்குடி உன்கிட்ட தலையக் குடுத்துட்டு உக்காந்திருக்கறது?"

கண்ணாடி முன் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் சடை பின்னத் தொடங்கினாள். தொண்டையருகே தோல் ஏறி இறங்குகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. நான் அந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை.

ஆனால் நீங்கள் படித்துவிட்டீர்கள். அரைகுறையாக நிற்கும் வாக்கியத்தை மனசுக்குள் முடித்துப் பார்க்காதவர் யார்? உங்களைத் தடுக்க எனக்கு வழியில்லை. கொஞ்சம் பொறுங்கள், அவ்வளவுதான். அவள் இன்னும் பாதிதான் பின்னியிருக்கிறாள்.