உங்க வீடு மாதிரி

"அவன் சூடாயிடுச்சா பாரு" என்று அண்ணி கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள். கேக் சுடும் அந்த மின் அடுப்பின் குமிழை அப்போதுதான் திருகியிருந்தேன்.

"எந்த அவன் அண்ணி? இந்த அவனுக்குக் கால் மணி நேரம் ஆகும். நான் விட்டுட்டு வந்த அவன்தான் நினைச்ச உடனே சூடாவான்."

முகம் கழுவிக்கொண்டிருந்த அண்ணன் உள்ளேயிருந்து சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை. பிரிந்து வந்த கணவனைப் பற்றி நான் கேலி பேசுவது அவளுக்குப் பிடிக்காது. அழுது ஓய்ந்த பிறகு அந்த மனிதனால் எனக்குக் கிடைத்த லாபம் இந்தக் கேலிகளும் ஒரு கண்ணாடி ட்ரேயும்தான். நல்ல கனமான ட்ரே. அவன் வீட்டிலிருந்து கிளம்பும்போது, துணிமணிகளுக்கு நடுவே வைத்து உடையாமல் கொண்டு வந்திருந்தேன்.

அன்று மாலை அண்ணியின் அப்பாவும் அம்மாவும் சாப்பிட வருகிறார்கள். வழக்கமாக விருந்தென்றால் அண்ணி என்னை வெங்காயம் உரிக்க மட்டும்தான் விடுவாள். இந்த முறை அண்ணனே வந்து கேட்டிருந்தான்.

"கண்ணாடி, நீயே பண்ணிடேன். அந்த க்ரீம் கோழி. மாமாவுக்குப் பல் எடுத்திருக்கு, மெத்துனு இருக்கணும். காரமும் ஆகாது. நீ பண்ணினாதான் சரியா வரும்."

கண்ணாடி என்றால் நான்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேமுக்கு லென்ஸ் பொருத்தும் வேலை. வேலைக்குச் சேர்ந்த அன்று அண்ணன் வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது.

நீயே பண்ணு என்று அவன் சொன்னதில் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. காரணம் இருந்தது. போன வருடம் நான் பெட்டியோடு வந்து நின்றபோது, கூடத்தை ஒட்டிய சின்ன அறையைத் திறந்துவிட்டு, "இனிமே இது உன் ரூம்" என்று சொன்னவன் அவன். ஒரு கட்டில், ஒரு அலமாரி, மேற்குப் பார்த்த ஒரு ஜன்னல். போன வாரம் அந்த ஜன்னலுக்கு அளவெடுத்துப் பச்சைத் திரை தைத்து மாட்டினேன். ஜன்னலடியில் ஒரு மேஜை போட்டால், கடை நேரம் போக வீட்டிலேயே கண்ணாடி பழுது பார்க்கலாம். மேஜை போடட்டுமா என்று அண்ணனிடம் கேட்க வேண்டும். விருந்து முடிந்து எல்லோருக்கும் வயிறும் மனசும் நிறைந்திருக்கும்போது கேட்டால், இல்லை என்று சொல்ல மாட்டான் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

எலும்பில்லாத தொடைக்கறியில் உப்பும் மிளகுத்தூளும் தடவி, வாணலியில் இரண்டு பக்கமும் நிறம் மாறும்வரை புரட்டி எடுத்து ட்ரேயில் அடுக்கினேன். அதே வாணலியில் வெண்ணெய், பூண்டு, வெங்காயம், காளான். மேலே கொஞ்சம் மைதா தூவி, பாலை விட்டுக் கட்டி தட்டாமல் கிளறி, அடுப்பை அணைத்த பிறகு க்ரீம். கொதிக்கும்போது விட்டால் திரிந்துவிடும். அதைக் கோழியின்மேல் ஊற்றி, சீஸைத் துருவிப் போட்டு, ரொட்டித்தூளைத் தூவினேன்.

அண்ணி எட்டிப் பார்த்தாள். "எங்க அவன் மேல் பக்கம் ஜாஸ்தியா சுடும். பாத்து வை."

"சரி அண்ணி" என்று ட்ரேயை உள்ளே தள்ளிக் கதவை மூடினேன்.

அப்புறம்தான் அந்த 'எங்க' உறைத்தது. ஒரு வருடமாக அவளுக்கு நம்ம ஃப்ரிட்ஜ், நம்ம லிஃப்ட், நம்ம பால்காரர். இன்றைக்கு மட்டும் எங்க அவன். அப்பா அம்மா வரும் பரபரப்பில் வாய் தவறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் காலில் ஏறிய சின்ன முள் மாதிரி அது இருந்தது. குனிந்து பார்த்தால் தெரியவில்லை, நடந்தால் குத்தியது.

மணி அடித்ததும் நான்தான் ஓடிப் போய்க் கதவைத் திறந்தேன்.

"வாங்க மாமா, வாங்க அத்தை. உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க."

அத்தை என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எல்லாம் உன் நல்ல மனசும்மா."

வாசலிலேயே என்ன நல்ல மனசைக் கண்டுவிட்டார் என்று புரியவில்லை. உபசாரப் பேச்சுதானே என்று விட்டுவிட்டேன். மாமாவின் கண்ணாடி மூக்கு நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. வாங்கிப் பார்த்தேன், ஒரு பக்கம் திருகு தளர்ந்திருந்தது. கைப்பையிலிருந்த குட்டி திருப்புளியால் முறுக்கிக் கொடுத்தேன்.

"ஃபீஸ் எவ்வளவும்மா?"

"ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிடணும் மாமா. அதான் ஃபீஸ்."

கேட்டுத்தான் சாப்பிட்டார். ஓரமெல்லாம் குமிழிட்டு, மேலே பொன்னிறமாக முறுகி, கரண்டியை வைத்ததும் கோழி தானாகப் பிரிந்தது. ரொட்டியைக் க்ரீமில் தோய்த்துத் தோய்த்து, கண்ணை மூடி மென்றார்.

"பல் டாக்டர் இதைப் பாத்தா கடையை மூடிடுவான்" என்றார்.

"ரொம்ப ஈஸிப்பா" என்றாள் அண்ணி. "எல்லாத்தையும் ஊத்தி உள்ள வெச்சா தானா வெந்துடும்."

"தானா வெந்ததா இது?" என்று மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. மேஜையைப் பற்றிக் கேட்க இதுதான் சரியான நேரம் என்று அண்ணன் பக்கம் திரும்பினேன்.

அதற்குள் அத்தை கேட்டார். "ராத்திரியில அந்த ரூம் வெக்கையா இருக்குமா கண்ணு? லேசா வேர்த்தாலும் இவருக்குத் தூக்கம் வராது."

"எந்த ரூம் அத்தை?"

"உன் ரூம்தான். எங்களுக்குன்னு விட்டுக் குடுத்திருக்கியே."

அத்தை நிறுத்தவில்லை. "நீயா வந்து, நான் ஹாஸ்டலுக்குப் போயிடறேன், பெரியவங்க இங்க வரட்டும்னு சொன்னியாமே. மாப்பிள்ளை போன்ல சொன்னதும் இவர் கண் கலங்கிட்டார். பெத்த பிள்ளையே எங்களை வெச்சுக்க யோசிக்கிறான். நீ யாரு எவரு, உனக்கு இருக்கு அந்த மனசு."

அண்ணனைப் பார்த்தேன். தட்டில் தொலைந்துபோன எதையோ தேடுகிறவன் மாதிரி காளானைக் கிளறிக்கொண்டிருந்தான். அண்ணி என்னையே பார்த்தாள். கையிலிருந்த ரொட்டியைப் பிசைந்து மாவாக்கியிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர்கள் ஒரு முழு அறையையே க்ரீமில் மறைத்திருந்தார்கள். அந்தக் க்ரீமையும் என்னையே கிண்ட வைத்திருந்தார்கள்.

ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் மாமா நான் முறுக்கிக் கொடுத்த கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் அழுக்கு எதுவும் இல்லை.

"வெக்கை இருக்காது அத்தை" என்றேன். "ஜன்னலைத் திறந்தா நல்லா காத்து வரும். சாயங்காலம் மட்டும் வெயில் அடிக்கும். அதுக்குத்தான் திரை போட்டிருக்கேன்."

"திரையை எடுத்துட்டுப் போயிடுவியா?"

"இல்ல அத்தை. அந்த ஜன்னலுக்குன்னு அளவெடுத்தது. வேற எங்கயும் பொருந்தாது."

அண்ணன் மூச்சு விட்டான். உடனே கரண்டியை எடுத்து ட்ரேயின் மூலையைச் சுரண்டி, முறுகலாகப் பிடித்திருந்ததை என் தட்டில் வைத்தான். சின்ன வயதில் இதற்காக நாங்கள் அடித்துக்கொள்வோம்.

"ஓரம் உனக்குத்தான் கண்ணாடி. நீ ஒண்ணுமே சாப்பிடலயே."

"எனக்கு ஓரம்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டியா அண்ணா?"

அத்தை சிரித்தார், அண்ணன் பாசத்தைப் பார்த்து. நான் அதைச் சாப்பிட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனதும் அவன் பின்னாலேயே வந்தான். பேச்சு வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டான்.

"சொல்லணும்னுதான் இருந்தேன். சாப்பிட்டப்புறம் சொல்லலாம்னு."

"நானும் சாப்பிட்டப்புறம் ஒண்ணு கேக்கலாம்னு இருந்தேன்."

"என்ன, கேளு."

"இனிமே வேண்டாம்."

"அவங்க இருக்கிற வீட்டோட ஓனர் காலி பண்ணச் சொல்லிட்டார். வயசானவங்க, எங்க போவாங்க? எங்களுக்கு வேற வழி தெரியல." குரலைத் தாழ்த்தினான். "ஹாஸ்டல் நல்ல இடம்தான். உன் கடைக்கும் பக்கம். நானே போய்ப் பாத்துட்டு வந்தேன்."

எங்களுக்கு. மாலையில் குத்திய முள் எது என்று இப்போது தெரிந்துவிட்டது.

"என்கிட்ட கேட்டிருந்தா குடுத்திருப்பேன்" என்றேன். "நான் குடுத்துட்டேன்னு நீ சொல்லிட்ட. இப்ப நான் குடுக்க எதுவும் இல்ல."

அவன் குழாயை மூடினான், மறுபடி திறந்தான்.

கிளம்பும்போது அத்தை லிஃப்ட் வாசலில் என் கன்னத்தைத் தொட்டார். "அப்பப்ப வந்துட்டுப் போகணும். கூச்சப்படக் கூடாது. உன் வீடு மாதிரி நினைச்சுக்கோ."

"சரி அத்தை" என்றேன். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

திரும்பி வந்து ட்ரேயைத் தேய்க்க உட்கார்ந்தேன்.

"ஊறட்டும் விடு, காலையில கழுவிக்கலாம்" என்றாள் அண்ணி. என் முகத்தைப் பார்க்காமல் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நான் ஊறவிடவில்லை. கருகி ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டி, நார் போட்டுத் தேய்த்து, விளக்கு வெளிச்சத்தில் லென்ஸைப் பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. ஈரம் போகத் துடைத்து, என் துண்டில் சுற்றிக்கொண்டு அறைப்பக்கம் நடந்தேன்.

"அதை எங்க எடுத்துட்டுப் போற?" என்று அண்ணி நிமிர்ந்தாள். "இங்கயே இருக்கட்டுமே. நமக்கு அடிக்கடி வேணும்ல?"

"எந்த நமக்கு அண்ணி?"

இந்த முறையும் அவள் சிரிக்கவில்லை.