மாசம் பொறந்தா சம்பளம்

மலையூரான மஞ்சக்குட்டைக்கு மேலிருந்த அந்தக் காபி எஸ்டேட்டில் கூலியாட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குக் கரண்டே கிடையாது. ஆனாலும் வாசல் குழாய் ஷாக் அடித்தது. எப்போதும் இல்லை, சில நேரம் மட்டும். காபிப்பழம் பறிக்கும் கண்ணாயி குடத்தோடு விழுந்து கையை உடைத்துக்கொண்ட பிறகே சேலத்திலிருந்து மின் ஆய்வாளர் தேவசிகாமணியை வரவழைத்தார்கள்.

அவர் சோதனை பல்பின் ஒரு கம்பியைக் குழாயிலும் மற்றதை ஈர மண்ணிலும் வைத்தார். எரியவில்லை. மேலே, காபிப்பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் ஓடத் தொடங்கியதும் மங்கலாக எரிந்தது.

"ஏனுங்க சார், குழாயில தண்ணி வரும். கரண்டு எப்படீங்க வரும்?" என்றார் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் நல்லமுத்து.

தேவசிகாமணி குழாய் போன வழியே மேடேறினார். பல்பர் மோட்டாரின் எர்த் கம்பியை அதே குழாயில் கட்டியிருந்தார்கள். மோட்டாரில் கசியும் கரண்டை மண்ணுக்குள் விடுவதுதான் எர்த் கம்பியின் வேலை. தண்ணீர்த்தொட்டி வரை குழாய் இரும்பாக மண்ணுக்குள் கிடந்தபோது அது ஒழுங்காக நடந்தது. போன கோடையில் அந்தப் பகுதி துருப்பிடித்ததென்று பிடுங்கி, கறுப்பு பிளாஸ்டிக் குழாய் போட்டுவிட்டார்கள். லைன் வீட்டுப் பக்கத்து இரும்புக் குழாயோ பாறைமேல் கிடந்தது. போக வழியில்லாத கரண்ட், வெறுங்காலோடு வந்து குழாயைத் தொடுபவர் வழியாக இறங்கியது. ஃபியூஸ் உருகும் அளவுக்குக் கசிவும் இல்லை.

"பல்பரை நிறுத்தணும்."

"பறிச்ச பழம் புளிச்சுப் போயிருமுங்க. எல்லாஞ் சரின்னு எழுதிட்டுப் போங்க சார்." நல்லமுத்து குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு மூணு மாசமா சம்பளம் வரலைங்களாமே? கருவூலத்துல நம்ம மச்சான் இருக்காப்ல. மொதலாளி பாத்துக்குவாருங்க."

உண்மைதான். அவருடைய பணியிடம் பல வருஷமாகத் தற்காலிகப் பணியிடம். ஆண்டுதோறும் அரசு நீட்டிப்பு ஆணை போட்டால்தான் கருவூலம் சம்பளம் தரும். ஆணை தாமதமானால் வேலை நிற்காது, சம்பளம் மட்டும் நிற்கும். இன்று பஸ்ஸுக்கு மனைவி இன்பமேரி கொடுத்தது மகளின் பள்ளிக் கட்டணத்திலிருந்து எடுத்தது. மறுத்தால், எஸ்டேட் முதலாளி மேலிடத்தில் சொல்லும் ஒரு வார்த்தையில் ஆணை இன்னும் தள்ளிப்போகும்.

அவர் ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டார்.

பல்பர் நின்ற சத்தம் கேட்டுப் பறிப்புப் பெண்கள் கூடிவிட்டார்கள். கட்டுப்போட்ட கையோடு கண்ணாயி முன்னால் வந்தாள்.

"மிசினை நிறுத்திப்புட்டா எங்களுக்குப் பறிப்பு ஏதுங்க, கூலி ஏதுங்க? உங்களுக்கென்ன! மாசம் பொறந்தா சம்பளம்."

"நல்லாக் கேளு கண்ணாயி!" நல்லமுத்து சிரித்தார். சம்பளம் வராத விஷயம் அந்தக் கூட்டத்தில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

  தேவசிகாமணி செய்ய வேண்டியதை மட்டும் சொன்னார்.

"மூலையில கிடக்கிற கைப்பல்பரைச் சுத்துங்க, இன்னைக்குப் பழம் தப்பிச்சிரும். எர்த் கம்பியைக் குழாயிலிருந்து கழட்டிருங்க. ஈர மண்ணுல ஆளுயரத்துக்கும் மேல குழி வெட்டி, இரும்புத் தகட்டை நிக்க வச்சு, சுத்தியும் கரியும் உப்பும் மாத்தி மாத்திப் போடணும். கம்பியைத் தகட்டோட முடுக்கிக் குழியை மூடி, ஈரம் காயாம தண்ணி ஊத்தணும். மோட்டாரைச் சேலத்துக்கு அனுப்பிச் சுருள் மாத்தணும். ரெண்டும் முடிஞ்சா ஃபியூஸ் தர்றேன்."